தலைவர் மறைத்த இரண்டு எண்கள்

படம் எடுக்கும்போது எங்கள் மன்றத் தலைவர் மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார். "எடுத்தாச்சா, எடுத்தாச்சா?" என்று உதடு அசையாமல் கேட்பார். எடுத்தாச்சு என்றதும் வயிறு தன் இடத்துக்குத் திரும்பும். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக்கடையின் மாடியில் மாதம் ஒருமுறை கூடும் சிறிய சேவை மன்றம் எங்களுடையது. ஊழியர் விடுதிக்குப் போர்வை கொடுத்தாலும், முதியோர் இல்லத்துக்குச் சக்கர நாற்காலி கொடுத்தாலும், படம் எடுக்காமல் அவருக்குக் காரியம் முடிந்ததாகாது. "படத்தப் பாத்தாத்தான் நாலு பேருக்குக் கொடுக்கத் தோணும் லா" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். எடுக்கிறவள் நான்தான் என்பதால் இன்னும் எரிச்சல்.

தீபாவளிக்கு முன்னால், தனியாக வாழும் முதியவர்களின் ஓரறை வாடகை வீடுகளுக்குச் சாயம் பூசிக் கொடுப்பது மன்றத்தின் வழக்கம். அந்த ஆண்டு புக்கிட் மேராவில் ஒரு பெரியவரின் வீடு. கோப்பிக்கடையில் மேசை துடைத்து ஓய்ந்த மனிதர். தூசியில் இருமுவாரே என்று அவரைக் கீழே அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கினோம். முதலில் 'முன்' படம், முடிந்ததும் 'பின்' படம். நடுவில் தலைவரின் கைவேலை. செம்பவாங் கப்பல் பட்டறையில் சாயம் பூசியவர். சுவரில் ஒரு கீறல்கூட அவருக்கு ஆகாது. கட்டிலை ஒட்டிப் பென்சில் கிறுக்கல்கள் இருந்தன. உப்புத்தாளால் தேய்த்து, அதன்மேல் இரண்டு பூச்சு. திரும்பி வந்த பெரியவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லா இருக்கு தம்பி" என்றார். பூரித்துப்போய்விட்டார் என்று நினைத்தோம். என்னைச் சொல்ல வேண்டும்.

ஒரு வாரம் கழித்து முறுக்கும் புதுச் சட்டையும் கொண்டுபோனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தக் கிறுக்கல் மலேசியாவின் ஜொகூரில் இருக்கும் மகளின் தொலைபேசி எண். வேறெங்கும் அவர் எழுதி வைக்கவில்லை. பழைய கைப்பேசியைத் தொலைத்துவிட்டு எண்ணையும் மாற்றியிருந்ததால் மகளாலும் அவரை அழைக்க முடியாது.

"அவ பண்ணிக்கிட்டது எனக்குப் பிடிக்காத கல்யாணம். தீபாவளிக்குத் தீபாவளி பேசுவோம். வான்னு நான் சொன்னதில்ல, வரேன்னு அவளும் சொன்னதில்ல. இந்த வருசம் பேசலன்னா என்ன நெனப்பாளோ" என்றார். எங்களைக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவசர அவசரமாக என் கைப்பேசியில் 'முன்' படத்தைத் தேடினேன். சுவர் இருந்தது, பென்சில் எழுத்தும் தெளிவாக இருந்தது. கடைசி இரண்டு எண்களின் மேல் மட்டும் தலைவரின் வயிறு இருந்தது. வேறு நாளாயிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். தலைவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ரெண்டு நம்பர்தானே. சைபர் சைபர்லேர்ந்து போட்டுப் பாப்போம்."

மூன்று நாள் மாலையும் அங்கேதான். முன்பின் தெரியாதவர்களிடம் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் தலைவர் மன்னிப்புக் கேட்டார். ஓர் ஆள் மோசடிக்காரன் என்று நினைத்துக் கன்னாபின்னாவென்று திட்டினார். "சாரி, சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணைப் போட்டார். முடிந்த எண்களை நான் தாளில் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டே வந்தேன். விருதும் மேடையும் தேடுகிற மனிதர் என்று அவரைப் பற்றி நான் வீட்டில் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்து, தலை நிமிரக் கூச்சமாக இருந்தது.

இன்று மன்றத்தின் இளையவர்கள் சாயம் பூசப் போகும் வீட்டில் முதலில் கேட்பது, சுவரில் எதையாவது அப்படியே விட வேண்டுமா என்றுதான். படிவத்தில் அந்தக் கேள்வியைச் சேர்த்தவர் தலைவர். முட்டிவலியால் இப்போது அவர் ஏணி ஏறுவதில்லை. கீழே நின்றபடி, அங்கே விட்டுப்போச்சு, இங்கே விட்டுப்போச்சு என்று எல்லாருடைய உயிரையும் வாங்குகிறார்.

அன்று, மூன்றாம் நாள் மாலை, அடிக்காமல் மிஞ்சியவை பத்துப் பன்னிரண்டு எண்கள்தான் இருக்கும். மறுமுனையில் ஒரு பெண் குரல் கேட்டது. மேடையில் ஒலிவாங்கியை விடாத மனிதர் எழுந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பேசினார். "அம்மா, சிங்கப்பூர்லேர்ந்து பேசுறேன்" என்று பெரியவரின் பெயரைச் சொன்னார்.

"அப்பா போயிட்டாரா?" என்றது குரல்.

"ஐயோ இல்லம்மா! இங்கதான் பக்கத்துல இருக்காரு. நாங்க பெயிண்ட் அடிச்சதுல உங்க நம்பர் போச்சு. தப்பு என்னுதும்மா" என்றார் தலைவர். கைப்பேசியைப் பெரியவரிடம் கொடுத்துவிட்டார்.

பெரியவர் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். மறுமுனையில் மகள் அழுவது எங்களுக்கே கேட்டது. அவர் புதுச் சுவரை ஒருமுறை பார்த்தார்.

"வீட்ட நல்லா வெள்ளையா ஆக்கிக் குடுத்திருக்காங்கம்மா. தீபாவளிக்கு வா. மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா."