மங்கிப்போன கூறையும் செத்தவீட்டு வீடியோவும்

கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரம், உழவு இயந்திரப் பாகங்கள் விற்கும் கடைக்கு மேல்மாடியில் சுகந்தினியின் ஸ்டூடியோ இருக்கிறது. கண்ணாடியில் மணமக்களின் பெரிய படங்கள் ஒட்டியிருக்கும். அவற்றில் ஒன்றைக்கூட அவர் எடுக்கவில்லை. கமெராவோடு மணவறைக்குப் போகிறவர் கூட்டாளி நிருஷன். கணினி முன் இருந்து கலியாணங்களையும் செத்தவீட்டுச் சடங்குகளையும் வெட்டித் தொகுப்பவர் சுகந்தினி. அவருடைய கணவர் சுமன் லொறி மோதி இறந்த பிறகு ஊர் செய்துவைத்த ஏற்பாடு இது. கைம்பெண் மணவறைக்கு முன்னால் நிற்கக்கூடாதாம். ஆனால் அவர் தொகுத்த வீடியோவைக் குடும்பத்தோடு இருந்து பார்க்கலாமாம். அநியாயத்துக்குக்கூட ஒரு ஒழுங்கு வேண்டாமா?

தாயார் பேச்சியம்மா எழுபத்தேழு கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வந்தவர். வட்டக்கச்சியில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு மகளை வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அனுப்பினார். இந்த மண்ணைத் திருத்தி விளையவைத்த சனத்தைத் "தோட்டக்காட்டார்" என்று இளக்காரமாக அழைக்கும் வாய்கள் இன்றும் இங்கே இருக்கின்றன.

சுகந்தினியின் வீடியோக்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டுக்குப் போகின்றன. வன்னியில் இருக்கும் இணைய வேகத்தில் ஒரு கலியாணத்தை அனுப்புவது, வாளியால் இரணைமடுக் குளத்தை இறைப்பது மாதிரி. வீடியோவைச் சுருக்கத்தான் வேண்டும். சுருக்குவது புடவை மடிப்பது போன்றது. மடித்தவிதம் தெரிந்தால்தான் விரிக்கலாம். பழைய மடிப்பு முறைகள் பலவற்றுக்குக் கம்பனிகள் உரிமை கொண்டாடுகின்றன. ஏவி-ஒன் என்ற புதிய முறையை யாரும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம். கோப்பும் நன்றாகச் சிறுக்கும். ஆனால் அவர் பாவித்த எடிட்டிங் மென்பொருளுக்கு அந்த முறையில் மடிக்கத் தெரியாது. அது பல நாட்டுத் தொண்டர்கள் சேர்ந்து எழுதும் இலவச மென்பொருள். யாராவது செய்து தருவார்கள் என்று சுகந்தினி காத்திருக்கவில்லை. நிரல் எழுதி, தானே அந்த வசதியைச் சேர்த்தார். தொண்டர்களின் பார்வைக்கும் அனுப்பினார்.

அந்தப் புது வசதியில் முதலில் வெளியே போனது தவராசாவின் மகள் ராஜினியின் கலியாணம். கனடாவின் ரொறன்ரோவில் ராஜினியின் அக்கா பெரிய ரீவியில் போட்டுப் பார்த்தார். அடுத்த நாளே தவராசா தன் தமக்கையோடு படியேறி வந்தார்.

"கூறைப் புடவை மங்கிக் கிடக்குதாம் பிள்ளை. குங்குமமும் கறுத்துப் போச்சாம். அங்க மூத்தவள் அழுகிறாள்."

"நான் அப்பவே சொன்னனான் தம்பி," என்றார் தமக்கை. "செத்தவீடு வெட்டுற கையிட்டக் கலியாணத்தைக் குடுத்தால் வேற என்ன நடக்கும்? அதுவும் இவவின்ர நிலையில..."

"சொல்லி முடியுங்கோ அன்ரி. என்ர நிலை என்ன?"

"தோட்டக்காட்டுச் சனத்துக்கு வாய் மட்டும் குறைவில்லை."

அவர்கள் இறங்கிப் போனதும் நிருஷன் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, எதுக்கும் ஒரு தேசிக்காய் வெட்டிக் கொம்பியூட்டரைச் சுத்திப் போடுவமே?"

"வெட்டு. சீனியும் போட்டுக் கரைச்சுக் கொண்டு வா. குடிப்பம்."

ஆனால் அவருடைய கை தோஷமென்ற கதை பரவிவிட்டது. பேசிவைத்த கலியாணங்கள் கைநழுவத் தொடங்கின. இது ஒட்டிக்கொண்டால் இனிச் செத்தவீடுகள் மட்டுமே தன்னிடம் வரும் என்று சுகந்தினிக்குத் தெரியும்.

அவருடைய திரையில் கூறை சிவப்பாகத்தான் இருந்தது. நிருஷனின் போனிலும் அப்படியே. சுகந்தினி ராஜினியைக் கேட்டு, அக்காவின் ரொறன்ரோ ரீவியைப் படம்பிடித்து அனுப்பச் செய்தார். தவராசாவின் வேட்டி வெள்ளையாகவே இருந்தது. மல்லிகையும் வெள்ளை. நிறமுள்ளவை மட்டுமே மாறியிருந்தன. தோஷம் என்றால் வேட்டியை மட்டும் ஏன் விட்டுவைத்தது?

காரணம் அகப்பட்டது. நிறங்களை எந்த விதிப்படி எண்ணாக்கினோம் என்ற சிறு குறிப்பு ஒவ்வொரு வீடியோவோடும் போக வேண்டும். அவர் எழுதிய நிரல் அதைச் சேர்க்கவில்லை. இங்குள்ள கருவிகள் விதியைச் சரியாக ஊகித்தன. அந்த ரீவி வேறு விதியை ஊகித்தது. சிவப்பு மங்கியது.

சோதித்துப் பார்த்தபோது இது ஏன் கண்ணில் படவில்லை? அதை யோசித்ததும் சுகந்தினி வாய்விட்டுச் சிரித்தார். அவர் சோதித்தது முழுக்கச் செத்தவீட்டு வீடியோக்களில். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒரு நொடியும் வெட்டாமல் கேட்பது செத்தவீட்டைத்தான். அதுவே மிகப் பெரிய கோப்பு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேலை, வெள்ளைத் துணி. வெள்ளை எந்த விதியிலும் வெள்ளைதான்.

பிழையைத் திருத்தினார். தவறு தன்னுடையது என்று தொண்டர்களுக்கும் எழுதினார். இனி இப்படி நடக்காமலிருக்க, நல்ல சிவப்புள்ள ஒரு சோதனை வீடியோ தரமுடியுமா என்று அவர்கள் கேட்டார்கள். சுகந்தினி வீட்டு அலுமாரியைத் திறந்து தன் கலியாணக் கூறையை எடுத்தார்.

"அதை ஏனடி இப்ப எடுக்கிறாய்?" பேச்சியம்மா பதறினார்.

"வேலைக்கு அம்மா. ஒரு பக்கத்தைப் பிடியுங்கோ."

தாயும் மகளும் முற்றத்து வெயிலில் கூறையை விரித்துப் பிடிக்க, நிருஷன் படமெடுத்தார். சுகந்தினியின் நிரல் அந்த மென்பொருளில் சேர்ந்தது. அந்த வீடியோவும் சேர்ந்தது. இப்போது தொண்டர்கள் ஒவ்வொரு புதுப் பதிப்பையும் வெளியிடுமுன் அந்தக் கூறை சிவப்பாக வருகிறதா என்று சோதிக்கிறார்கள். கைம்பெண் தொடக்கூடாது என்று இந்த ஊர் சொன்ன கூறை அது.

ராஜினியின் வீடியோவைத் திரும்ப அனுப்பியபின் தவராசாவும் தமக்கையும் மீண்டும் வந்தார்கள். தவராசாவின் போனில் மூத்த மகள், ரீவிக்கு முன்னால்.

"அப்பா, செக்கச்செவேல் எண்டு நிக்குது!"

"நான் நாவூறு கழிச்சனான் எல்லே," என்றார் தமக்கை.

"நீங்கள் முதல் சொன்னதுதான் சரி அன்ரி," என்றார் சுகந்தினி. "செத்தவீடுதான் காரணம்." கதிரையை இழுத்து அவரை இருத்தி, நடந்ததை ஒன்றுவிடாமல் விளக்கினார். தமக்கைக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது.

தவராசா தொண்டையைச் செருமினார். "ஆவணியில மகனுக்குக் கலியாணம் பிள்ளை. வீடியோ நீதான் செய்யவேணும்."

"செய்யிறன் ஐயா. ஆனால் கமெராவும் நான்தான். மணவறைக்கு முன்னால நிண்டு எடுப்பன்."

நிருஷன் நிலத்தைப் பார்த்தார். தமக்கை தம்பியைப் பார்த்தார்.

"அப்பா, ஓம் எண்டு சொல்லுங்கோ," என்றது போன்.

"ஓம்," என்றார் தவராசா.

ஆவணியில் சுகந்தினி மணவறைக்கு நேர் முன்னால் நின்றார். சிலர் முணுமுணுத்தார்கள், அவர் கவனிக்கவில்லை. தட்டில் கூறை வந்தபோது கமெராவைத் தாழ்த்தி, சிவப்புச் சரியாக விழுகிறதா என்று பார்த்தார். விழுந்தது.