முதுகில் ஊதுவதா, மார்பைச் சுற்றி ஊதுவதா

மீன் காட்சியகத்தின் பெரிய தொட்டிக்குள் இறங்கிக் கண்ணாடி துடைப்பவர்கள் நான்கு பேர். அவர்களில் மூத்தவளுக்கு ‘ஒட்டகம்’ என்று பட்டப்பெயர். மற்றவர்கள் சிலிண்டரைக் காலிசெய்துவிட்டு மேலே வரும்போது இவளுடையதில் பாதிக்காற்று மிச்சமிருக்கும். பதினாறு வருஷம் அப்படித்தான். பிறகு இடது மார்பில் கட்டி வந்து, மார்பையே எடுத்துவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து டாக்டர், தண்ணீரில் இறங்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். இடது கைதான் தோளுக்கு மேல் எழவில்லை. காற்று ஏற்றி மிதக்க உதவும் பழைய மிதவைச் சட்டை தையல் போட்ட இடத்தை அழுத்தியது.

“உங்களுக்குத் தோதா ஒண்ணு பாத்துட்டு வாங்கக்கா. போட்டு இறங்கிக் காட்டுங்க, அப்புறம் வேலைக்கு வரலாம்” என்றார் மேற்பார்வையாளர்.

பள்ளி வேன் ஓட்டும் கணவரும் முக்குளிப்புச் சாமான் விற்கும் கடைக்குக் கூட வந்தார்.

“ரெண்டு மாதிரி இருக்கும்மா. இது மார்பு, விலான்னு சுத்தி ஊதும். அது முதுகுல மட்டும். முன்னாடி வெறும் பட்டைதான், இறுக்காது” என்றார் கடைக்காரர்.

“அப்ப அதையே கட்டுங்க” என்றார் கணவர்.

“நீங்களா இறங்கப் போறீங்க?” என்றாள் அவள்.

“நான் இறங்குனா தண்ணியெல்லாம் வெளிய வந்துடும்.”

கடைக்குப் பின்னால் சோதித்துப் பார்க்கச் சிறிய குளம் இருந்தது. முதுகில் ஊதும் சட்டையோடு இறங்கினாள். அடியில் சுகமாக இருந்தது; மார்பில் ஒன்றும் படவில்லை. ஆனால் நீர்மட்டத்துக்கு வந்ததும் முதுகுக் காற்று அவளை முன்னால் தள்ளி முகத்தைத் தண்ணீரில் அமுக்கியது. காட்சியகத் தொட்டியில் பாசி அதிகம் படிவது கண்ணாடியின் மேல்விளிம்பில்தான். அங்கே அரை மணி நேரம் நிமிர்ந்து நின்று தேய்க்க வேண்டும். வலது கையில் பிரஷ் இருக்கும்.

“இடது கைய மேல விளிம்புல ஊனிக்கோங்கம்மா” என்றார் கடைக்காரர்.

அவள் ஊன்றப் பார்த்தாள். கை தாடை வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

அடுத்ததைப் போட்டாள். கம்பம் நட்டதுபோல் நிமிர்த்தி வைத்தது. தையல் பிரிவதுபோல் வலித்தது.

“இதுவே இருக்கட்டும்” என்றாள்.

“வலிக்குதா?” என்றார் கணவர்.

“இல்ல.”

“மூஞ்சி அப்படிச் சொல்லலையே?”

“கல்யாணம் ஆனதுலேருந்து இதே மூஞ்சிதான். நீங்க இப்பத்தான் பாக்குறீங்க.”

அலுவலகம் அந்தச் சட்டையையே வாங்கிக் கொடுத்தது. சோதனை நாளில், எப்போதும் அவளோடு ஜோடியாக இறங்கும் சின்னவளே கூட இறங்கினாள். நாற்பது நிமிடம்தான். மேல்விளிம்புக்கு வந்து சட்டையில் காற்றை ஏற்றியபோது மூச்சு பாதிதான் உள்ளே போனது. மீதியை ஈடுகட்ட வேகவேகமாக இழுத்தாள். ஒரு கோடு விடாமல் தேய்த்தாள். ஏறி வந்து சிரித்தாள்.

“கண்ணாடி பளபளன்னு இருக்குக்கா” என்றபடி மேற்பார்வையாளர் குனிந்து அவளுடைய காற்று மீட்டரைப் பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். “இருநூறுல சின்னவளுக்கு நூறு இருக்கு. உங்களுக்கு முப்பது.”

“மீட்டர்ல கோளாறா இருக்கும்.”

“போன வாரம்தான் மாத்துனேன். ஒட்டகம் இப்படிக் குடிக்குமாக்கா? வலிச்சுதா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஊசி முப்பதிலேயே நின்றது.

“மீன் தீனி ரூம்ல ஆள் வேணும்” என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வேனில் கணவர் ஒவ்வொரு சிக்னலிலும் கேட்டார்: “மூணாவது மாதிரி ஒண்ணு இருக்காதா?”

“நமக்கு ஆகுறதா எதுவும் இல்லைங்க. ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”

திங்கட்கிழமை தீனி அறையில் கணவாய் மீன் நறுக்கிக்கொண்டிருந்தபோது சின்னவள் உள்ளே வந்தாள். சின்னவளுடைய சட்டையில் காற்று ஒழுகியதால், மூத்தவளுக்கு வாங்கிய புதிதை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள்.

“கோவிச்சுக்காதீங்கக்கா. மார்புப் பட்டை சரியா இருக்கா பாருங்க.”

மூத்தவள் கையைத் துடைத்துக்கொண்டாள். “மூச்ச நல்லா இழு.”

சின்னவள் இழுத்தாள். அது எங்கும் தடுக்காமல், நிறைய உள்ளே போனது. அந்த அளவுக்குப் பட்டையை வைத்து மூத்தவள் வலது கையால் இழுத்துவிட்டாள்.

“சரியாத்தான் இருக்கு. போ.”