"நோட்டீஸ் குடுத்தோமா சார்?"

என்னோடு வேலை பார்ப்பவர் எங்கள் அதிகாரியிடம் இப்படிக் கேட்டது பிறகுதான். இப்போது நாங்கள் வேலைக்குப் போகும் பேருந்து வளைவில் திரும்புகிறது. அவர் மடியிலிருந்த சட்ட வரலாற்றுக் குறிப்புகள் சரிந்து இருநூறு ஆண்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. "ஐயோ, ராஜாவுக்கு முன்னாடி பார்லிமெண்ட் வந்துடுச்சே!" என்று குனிந்து பொறுக்குகிறார். முன் இருக்கைக்காரர் காலைத் தூக்கிக்கொள்கிறார். அடுக்கி முடிப்பதற்குள் உதடுகள் மறுபடி முணுமுணுக்கத் தொடங்கிவிட்டன.

நகராட்சி உரிமப் பிரிவில் எனக்கு அடுத்த மேசை அவருடையது. தட்டச்சர். வயது நாற்பத்தாறு. மாலைக் கல்லூரியில் சட்டம் படிக்கிறார். மற்ற தேர்வுத் தாள்களெல்லாம் தேறியாயிற்று. அரசமைப்பும் நிர்வாகச் சட்டமும் சேர்ந்த ஒரே தாள் மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. எதற்கும் ஒரு சட்ட ஷரத்தைச் சொல்வதால் அலுவலகத்தில் அவருக்கு 'ஷரத்தம்மா' என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான், அவரோ கூப்பிட்டால் "என்னப்பா?" என்று திரும்பிவிடுகிறார்.

மனப்பாடம் அவருக்கு வராது. "ஒரு சட்டம் எப்படி வந்துச்சுங்கற கதை தெரியணும். அதிகாரம் யார் கையில இருந்துச்சு, எவன் எதிர்த்துக் கேட்டான், கேட்டவன் தலை என்னாச்சு. அப்பதான் என் மண்டையில ஏறும்" என்பார். வீட்டுச் சமையலறையில் அடுப்புக்கு மேலே மன்னராட்சி, பாத்திரத் தொட்டிக்கு மேலே நாடாளுமன்றம், குளிர்ப்பெட்டிக் கதவில் நீதிமன்றங்கள் என்று வரிசையாகத் தாள் ஒட்டியிருக்கிறார். தண்ணீர் எடுக்க வரும் கணவர், "இன்னைக்காவது ராஜா எறங்கினாரா?" என்று கேட்டுவிட்டுப் போவாராம்.

"எங்க மாமியார் காலத்துல சட்டம் போடறது, நிறைவேத்தறது, தீர்ப்பு சொல்றது மூணும் ஒரே கை. அதிகாரப் பிரிவினைன்னா என்னன்னு எனக்கு யாரும் பாடம் நடத்த வேணாம்" என்று சிரிப்பார். சிரிக்கும்போதே கட்டைவிரல் நகம் பல்லுக்குப் போய்விடும். தேர்வு நுழைவுச் சீட்டு கைப்பையில் இருக்கிறதா என்று நாளுக்குப் பத்துத் தடவை திறந்து பார்ப்பார்.

தேர்வுக்கு மூன்று நாள் இருந்தபோது அந்தக் கோப்பு வந்தது. பேருந்து நிலைய வாசலில் பூட்டு, சாவி பழுதுபார்ப்பவர் ஒருவர் சின்னப் பெட்டிக்கடை வைத்திருந்தார். கடையை வேறு யாருக்கோ உள்வாடகைக்கு விட்டுவிட்டதாகக் கையெழுத்தில்லாத ஒரு புகார். உரிமத்தை ரத்து செய்யும் ஆணையைத் தட்டச்சு செய்துவரச் சொல்லி அதிகாரி அனுப்பியிருந்தார். ஷரத்தம்மா கோப்பை முன்னும் பின்னுமாக மூன்று முறை புரட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது.

"அந்த ஆளை ஒரு வார்த்தை கேக்கலையே."

"அக்கா, உங்க தேர்வு லீவு லெட்டர் சார் மேசையிலதான் இருக்கு. கையெழுத்து ஆகல. பேசாம அடிச்சுக் குடுத்துடுங்க" என்றேன். நான் சொன்னது அதுதான், மறைப்பதற்கில்லை.

அவர் கோப்பைக் கையில் எடுத்தார். பிறகு எழுந்து போனார். அதிகாரியின் அறைக்கதவு திறந்தேயிருந்ததால் எல்லாம் கேட்டது.

"நோட்டீஸ் குடுத்தோமா சார்?"

"நீங்க டைப்பிஸ்ட்டா, ஜட்ஜா?"

"டைப்பிஸ்ட்தான் சார்." தாள் புரளும் சத்தம் கேட்டது. "ஆனா… கேக்காம எடுக்கக் கூடாதுங்கறதுக்கே எத்தனையோ பேர் எத்தனையோ வருஷம் போராடியிருக்காங்க சார். கோர்ட்டுக்குப் போனா மொத நாளே இந்த ஆர்டர் விழுந்துடும். அடியில உங்க பேரு இருக்கும்."

கோப்பு மேசையில் விழுந்த சத்தம் வெளியே வரை வந்தது. "அப்ப நோட்டீஸையும் நீங்களே அடிச்சுட்டு வாங்க!"

அடித்தார். சாவிக்காரரிடம் விளக்கம் கேட்கும் ஒரே பக்க அறிவிப்பில் நான்கு பிழை. விடுப்பு விண்ணப்பம் மறுநாள் மாலைதான் திரும்பி வந்தது. இரண்டு நாள் கேட்டதில் ஒரு நாள் அனுமதி. "கெடைச்சுதே" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. தேர்வு எழுதிவிட்டு வந்தவரிடம் கேட்டால், "ஒரு நூற்றாண்டை மாத்தி எழுதிட்டேனோன்னு இருக்குப்பா" என்கிறார். முடிவு இன்னும் வரவில்லை.

விசாரணை நடந்தது அடுத்த வாரம். சாவிக்காரர் வந்து நின்றார். விரல் நுனியெல்லாம் இரும்புக் கறுப்பு. அவர் சொல்வதைப் பதிவு செய்ய ஷரத்தம்மாவைத்தான் உட்கார வைத்திருந்தார்கள்; புகார்க் கோப்புகளோடு நான் பக்கத்தில்.

"உள்வாடகை எல்லாம் இல்லீங்க. பொண்டாட்டிக்கு ஆபரேஷன். ரெண்டு மாசம் மச்சான்தான் கடையில உக்காந்தான்." அவ்வளவு சொல்லிவிட்டு மேல்துண்டால் விரல் கறுப்பைத் துடைக்கத் தொடங்கினார்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அவ்வளவுதானே? முடிச்சுடுங்கம்மா."

ஷரத்தம்மா விசைப்பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை. அதிகாரி பக்கம் திரும்பவும் இல்லை. சாவிக்காரரின் முகத்தையே பார்த்தபடி, விரல்களை விசைகளின் மேல் வைத்துக் காத்திருந்தார்.

"இன்னொண்ணு சொல்லணுங்க" என்றார் சாவிக்காரர்.

ஷரத்தம்மா அடுத்த வரிக்குப் போனார்.