திரித்துவ ஞாயிறுக்கு வாங்கிய நுங்கு

எங்கள் ஐயர் வருடம் முழுக்க ஊரில் இருப்பார். திரித்துவ ஞாயிறன்று மட்டும் இருக்க மாட்டார். தெற்கே எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஒரு வருடம் அவருக்கு மதுரையில் கண் பரிசோதனை. இன்னொரு வருடம் கொழுந்தியாள் வீட்டுப் பால்காய்ப்பு. தேவன் ஒருவர், ஆனால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவர். இந்த உபதேசத்தை அந்த ஞாயிறன்று விளக்கிப் பிரசங்கம் செய்தாக வேண்டும். சபையாரில் யாரையாவது பிரசங்க பீடத்தில் ஏற்றிவிட்டு ஐயர் பஸ் ஏறிவிடுவார். அதைத் தற்செயல் என்றே நான் நம்பியிருந்தேன், என்னை ஏற்றும்வரை.

“தம்பி, போன அசனத்துல நீங்க குடுத்த செய்தி இன்னும் சனங்க வாயில இருக்கு” என்று போனில் ஆரம்பித்தார்.

அசனம் என்பது சபையார் எல்லாரும் கோவில் வளாகத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. ஆட்டுக்கறி வெந்து மணம் வந்துவிட்டதால் அன்று நான் சட்டென்று முடித்தேன். சனங்கள் வாயில் இருந்தது கறியாகத்தான் இருக்கும். ஆனாலும் பாராட்டு பாராட்டுதானே. சரி ஐயரே என்று சொல்லிவிட்டேன்.

எனக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை. கப்பலில் வரும் சரக்கு, போகும் சரக்கு இரண்டுக்கும் சுங்கக் காகிதங்கள் பார்ப்போம். ஐம்பது வயதைத் தாண்டியவன், பிறந்ததிலிருந்து கோவிலுக்குப் போகிறவன். மூன்றும் ஒன்றும் தெரியாதா என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலமே அடுக்களையில் போய் என் மனைவியிடம் பிரசங்கத்தை முடித்துக் காட்டினேன். அவள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை.

“தண்ணிய எடுத்துக்க. ஐஸாவும் இருக்கு, தண்ணியாவும் இருக்கு, ஆவியாவும் இருக்கு. பொருள் ஒண்ணு, நிலை மூணு. முடிஞ்சு போச்சு.”

அவள் மாவைக் கரைத்துக்கொண்டே கேட்டாள். “அப்ப பரிசுத்த ஆவிய இட்லிக் கொப்பரைக்குள்ள ஏத்தப் போறீக?”

“அந்த ஆவி வேற.”

“நீங்கதான ஆவின்னு சொன்னீக?”

அவள் கையைக் கழுவிவிட்டு வகுப்பில் நிற்பதுபோல் திரும்பினாள். “ஒரு டம்ளர் தண்ணி ஐஸா இருக்கும்போதே ஆவியாவும் இருக்குமா? இருக்காதுல்லா? அப்ப குமாரன் பூமிக்கு வந்த அன்னைக்குப் பிதா காணாமப் போயிட்டாரா?”

“ஒரே நேரத்துல மூணாவும் இருக்கவே இருக்காதா?”

“இருக்கும். அதுக்குன்னு ஒரு நிலை உண்டு. ஆனா காத்த எல்லாம் உறிஞ்சி எடுத்த பாத்திரத்துக்குள்ளதான் காட்ட முடியும். சபையார் மூச்சு விடணும்லா?”

மறுநாள் ஆபீசில் பக்கத்து மேசைக்காரனிடம் முறையிட்டேன். அவனும் நானும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கன். கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால்கூட நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் சிலுவை போட்டுக்கொள்வான்.

“இதுக்கா இவ்வளவு யோசிக்க? ஏலே, நான் வீட்டுல பிள்ளைகளுக்கு அப்பன். எங்கம்மைக்கு மவன். இங்கன வந்தா கிளார்க்கு. ஆளு ஒண்ணுதான?”

எனக்குப் பிடித்துப்போயிற்று. உடனே ஐயருக்குப் போன் போட்டு, தண்ணீரையும் இதையும் சொன்னேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, நோயாளிக்கு என்ன வியாதி என்று கண்டுபிடித்த டாக்டரைப் போலச் சந்தோஷமாகச் சொன்னார். “தம்பி, அது ஆதிகாலத்துக் கள்ள உபதேசம். ஒரே ஆளு மூணு வேசம் கட்டுன மாதிரி ஆயிரும். குமாரன் யோர்தான் ஆத்துல ஞானஸ்நானம் எடுத்து நிக்காரு. ஆவியானவர் புறா மாதிரி இறங்குதாரு. பிதா வானத்துலருந்து பேசுதாரு. மூணு பேரும் ஒரே நேரத்துல. அப்ப அவரு அவருக்கேவா பேசிக்கிட்டாரு?”

“நீங்க சொன்ன தண்ணியும் அதே கோளாறுதான்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான் திரும்பி நண்பனிடம் சொன்னேன், அப்படியானால் தனக்குத் தானே பேசிக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம் என்று.

“அதுல என்ன தப்பு? நான் டெய்லி பேசுதேன். கஸ்டம்ஸ்ல போய் நின்னு பாரு, நீயும் பேசுவ.”

வாரம் பாதி போவதற்குள் ஆதிகாலத்துச் சபையிலிருந்து நான் இரண்டு முறை வெளியேற்றப்பட்டுவிட்டேன். இதற்கு நடுவில் முட்டையையும் யோசித்தேன்: ஓடு, வெள்ளை, மஞ்சள். ஐயர் அதையும் தள்ளினார். ஓடு மட்டும் தனியாக முட்டை ஆகாது. ஆனால் பிதா முழுக்க தேவன், குமாரன் முழுக்க தேவன், ஆவியானவர் முழுக்க தேவன். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு கிடையாது. அப்படியிருந்தும் மூன்று தேவர்கள் இல்லை, ஒருவர்தான்.

“இதச் சொன்னா என்ன தப்புங்கிறது எனக்கு நல்லாத் தெரியும் தம்பி. எதச் சொல்லணும்கிறதுதான்…” என்று இழுத்துவிட்டு, பெட்டி அடுக்க வேண்டியிருக்கிறது என்று போனை வைத்தார்.

வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கு எழுந்திருக்கப் போன நேரத்தில், விளக்கம் என் மேசைமேலேயே கிடந்தது. கப்பலில் சரக்கு ஏற்றினால் கப்பல் கம்பெனி ஒரு பத்திரம் தரும். பி.எல். என்போம். சரக்கு யாருடையது என்பதற்கு அதுதான் ஆதாரம். அதை மூன்று ஒரிஜினலாகத் தருவார்கள். மூன்றும் நகல் அல்ல, மூன்றுமே ஒரிஜினல். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் முழுச் சரக்கும் கிடைக்கும், மூன்றில் ஒரு பங்கு அல்ல. ஆனால் மூன்று பி.எல். இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. பி.எல். ஒன்றுதான்.

எனக்கு உடம்பு புல்லரித்தது. இத்தனை நூற்றாண்டாக யாருக்கும் தோன்றாதது தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஆபீசில் எனக்குத் தோன்றியிருக்கிறது! நண்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனும் அசந்துபோய், பழக்கதோஷத்தில் பி.எல். முன்னால் ஒரு சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கீழே இருந்த பொடி எழுத்தைப் படித்தான்.

“ஏலே, மூணுல ஒண்ணு காட்டிச் சரக்க எடுத்துட்டா, மத்த ரெண்டும் செல்லாதுன்னுல்லா போட்டிருக்கு.”

பி.எல்.லைத் திரும்பக் கோப்பிலேயே செருகினேன். குமாரன் வந்ததும் பிதா செல்லாமல் போகிற உபதேசத்தைப் பீடத்தில் சொன்னால் என்னையும் யாராவது செல்லாமல் ஆக்கிவிடுவார்கள். சாப்பிடப் போனோம்.

சனிக்கிழமை காலையில் சாகுபுரம் வரை ஒரு வேலையாகப் போய்விட்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். முக்காணி பக்கம் சாலையோரம் நுங்கு குவித்திருந்தார்கள். நிறுத்தி ஒன்று வாங்கினேன். மேல்தோலைச் சீவிக் கையில் தந்தார்கள். உள்ளே மூன்று கண்கள், வெள்ளையாக, குளிர்ச்சியாக, ஒன்றுபோல. காய் ஒன்று, கண் மூன்று. அதையும் சபையார் முன்னாலேயே சீவிக் காட்டலாம்! ஒரு குலையாகவே வாங்கி பைக்கில் கட்டிக்கொண்டேன்.

வீட்டில் இறக்கியதும் மனைவி கேட்டாள். “இதும் முட்ட மாதிரித்தான? ஒரு கண்ணு மட்டும் முழு நுங்காயிருமா?”

“சனங்க கண்ணால பாத்தா மனசுல நிக்கும்.”

“ரெண்டு கண்ணு காய் வந்துட்டா?”

“விசுவாசம் வேணும்ட்டி” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் நிரம்பியிருந்தது. நண்பனும் தன் கோவில் பூசையை விடியற்காலையிலேயே முடித்துக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். பாட்டு முடிந்தது. நான் பீடத்தில் ஏறி, வேதாகமத்தைத் திறந்து வைத்துவிட்டு, கீழே இருந்த துணிப்பையிலிருந்து அரிவாளை எடுத்தேன்.

எங்கள் சபையில் அவ்வளவு கவனமாக யாரும் பிரசங்கம் கேட்டு நான் பார்த்ததில்லை. தூங்கத் தோதாகத் தூணோரம் சாய்ந்திருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசைக்காரர்கள் மட்டும் லேசாகப் பின்னால் சாய்ந்தார்கள். நுங்குக் காயைக் காணிக்கைத் தட்டில் வைத்தேன்.

“பிரியமானவர்களே, காய் எத்தனை?”

“ஒண்ணு” என்றது சபை.

“உள்ளே கண் எத்தனை?”

“மூணு!”

சிறுபிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் சத்தமாகச் சொன்னார்கள். ஓங்கி ஒரு சீவு சீவி, காயைச் சபைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். நான் பார்க்கவில்லை. சபையார் முகத்தைத்தான் பார்த்தேன். அந்த முகங்களில் பக்தி வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

பெண்கள் பக்கம் முதல் வரிசையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். ரொம்பக் கரிசனமாகக் கேட்டார். “அண்ணாச்சி, யார வுட்டுட்டு வந்தீக?”

காயைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு கண்.

கோவில் சிரிப்பில் அதிர்ந்தது. இந்த நேரத்தில் அறிவுள்ளவன் கீழே இறங்கியிருப்பான். நான் பையிலிருந்து இரண்டாவது காயை எடுத்துச் சீவினேன். அதில் ஒரே ஒரு கண், நடுவில், பெரிதாக, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கீபோர்டு வாசிப்பவர் பிரசங்கம் முடிந்துவிட்டது என்று நினைத்தாரோ, என்னைக் காப்பாற்ற நினைத்தாரோ, காணிக்கைப் பாட்டை ஆரம்பித்துவிட்டார். பாதிப் பேர் எழுந்து நின்றார்கள்.

கையைக் காட்டி எல்லாரையும் உட்காரச் சொன்னேன். எழுதி வைத்திருந்த பிரசங்கம் முழுக்க நுங்கைப் பற்றியது. அதை மடித்து வைத்துவிட்டு, வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னேன். தண்ணீரும் இட்லிக் கொப்பரையும், அப்பனும் மகனும் கிளார்க்கும், முட்டை, பி.எல். எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டார்கள். ஒவ்வொன்றும் எங்கே உடைகிறது என்று நான் சொல்லச் சொல்ல, தேவன் எப்படிப்பட்டவர் அல்ல என்பது எனக்கே வரிசையாகத் தெளிந்துகொண்டு வந்தது. அவர் வேஷம் மாற்றுகிறவர் அல்ல. துண்டு துண்டாகப் பங்கு போடக்கூடியவர் அல்ல. ஒருவர் வந்தால் மற்றவர் செல்லாமல் போகிறவரும் அல்ல.

பிறகு ஏன் என்றே தெரியாமல், எழுதாத ஒன்றைப் பேசினேன். பிரசங்கத் தமிழும் கைவிட்டுப் போய்விட்டது.

“உலகம் உண்டாகுறதுக்கு முன்னாடியே பிதா தம்மேல அன்பா இருந்தாருன்னு குமாரன் சொல்லுதாரு. நம்ம ஒருத்தரும் இல்ல, கடல் இல்ல, இந்தக் காயும் இல்ல. அப்பமே அன்பு இருந்துருக்கு. தனி ஆளா இருந்தா யாருமேல அன்பு வைக்க? அன்பு வைக்கிறதுக்கு நம்மளப் படைக்கணும்னு அவருக்குத் தேவையே இல்ல. அவருக்குள்ளயே அது இருந்துருக்கு. இருந்தும் நம்மளயும் உள்ள கூப்பிட்டுருக்காரு. இவ்வளவுதான் எனக்குப் புரிஞ்சது. மத்தது புரியல.”

வேதாகமத்தை மூடினேன். பிறகு கீபோர்டு இந்த முறை சரியான இடத்தில் ஆரம்பித்தது.

ஆராதனை முடிந்ததும் மிச்சக் குலையை வாசலில் வைத்து நண்பன் சீவ ஆரம்பித்தான். வெயிலுக்கு எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். “எனக்கு மூணு!” என்று ஒருவர் கத்தினார். “எனக்கு ரெண்டுதான், ஐயர் வந்ததும் கேக்கணும்” என்றார் இன்னொருவர். மூன்று கண் வந்த காய்கள்தான் அதிகம். அவை பீடத்துக்கு மட்டும் ஏறி வரவில்லை.

“உங்க சாமியார் இன்னைக்கு என்ன சொன்னாரு?” என்று நண்பனிடம் கேட்டேன்.

“இது பெரிய மறைபொருள், முழங்கால் போடுங்கன்னாரு. போட்டோம். வந்துட்டோம்.” அடுத்த காயைச் சீவினான். “ஆனா நீ கடைசில சொன்னது நல்லாருந்துச்சுலே.”

சங்கச் செயலாளர் ஒரு நுங்கைக் கையில் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தார். கேலிக்குத்தான் வருகிறார் என்று நினைத்துத் தயாரானேன். அவர் உண்மையாகவே கேட்டார்.

“அண்ணாச்சி, ரொம்ப நாளா ஒரு சந்தேகம். ஜெபம் பண்ணும்போது இந்த மூணு பேருல யாருட்ட பண்ணணும்? ஒருத்தருட்டப் பேசுனா மத்தவுக கோவிச்சிக்கிட மாட்டாகளா?”

யோசிக்காமலேயே சொன்னேன். “பிதாகிட்டதான் பண்ணுதோம். குமாரன் நாமத்துல பண்ணுதோம். பண்ண முடியாமத் தெவங்கி நிக்கும்போது ஆவியானவர் உள்ளருந்து உதவி செய்தாரு. மூணு பேரும் ஒரே ஜெபத்துலதான் இருக்காக.”

அவர் நுங்கில் விரலை விட்டார். தண்ணீர் பீய்ச்சி அவர் பட்டுச்சேலையில் அடித்தது. அதைத் துடைத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இதத்தான நம்ம சின்னதுலருந்து தெனமும் பண்ணுதோம்? இதுக்கு எதுக்கு அண்ணாச்சி அருவா?”

மனைவி வந்து என் கையில் ஒரு நுங்கைத் திணித்தாள். உட்கார இடமில்லாமல் பைக்கில் சாய்ந்துகொண்டு இருவரும் சாப்பிட்டோம். எத்தனை கண் என்று இருவருமே எண்ணவில்லை.