எடிட்டர் தலையாட்டாத ஞாயிறு

ஒரு கல்யாணத்தை நான் கெடுத்தேன். என் மனைவியின் தங்கை கல்யாணத்தை. ஓர் ஓணானை வைத்து!

சிரித்துக்கொள்ளுங்கள். நானும் இதைச் சிரிப்பாகத்தான் எழுத உட்கார்ந்தேன்... முடிகிறதா பார்ப்போம்.

பெரம்பலூரில் ஒரு நாளிதழின் நிருபர் நான். சின்ன வெங்காய விலை, குடிநீர் கேட்டு மறியல், லாரி கவிழ்ந்த செய்தி... இவைதான் என் பிழைப்பு. வேப்பமரத்தில் பால் வடிகிறது என்று ஊரே திரண்டால், மரத்துக்கு என்ன நோய் என்று வேளாண் அதிகாரியைக் கேட்டு எழுதுகிறவன். 'மூடநம்பிக்கை' என்ற சொல்லை என் அளவுக்கு அச்சில் ஏற்றியவர் இந்தப் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

ஓணான் வந்தது ஒரு தொலைபேசி அழைப்பில்.

"சார், மாடி ரூம்ல டைனோசர் குட்டி கெடக்கு சார்! அரியலூர்ப் பக்கம் முட்டை கெடைக்குதுன்னு நீங்கதான எழுதுனீங்க? பொரிஞ்சிருச்சு போலருக்கு!"

பேசியவர் ஒரு வீட்டுக்காரர். அவரிடம் வாடகைக்கு இருந்த கல்லூரி மாணவன், அறையைக் காலி செய்யும்போது ஒரு கண்ணாடித் தொட்டியை மட்டும் விட்டுப் போயிருந்தான். உள்ளே முழங்கை நீளத்தில், மணல் நிறத்தில், தொண்டையைச் சுற்றி முள்முள்ளாய்த் தாடியோடு ஒரு பிராணி. விலா எலும்பை எண்ணலாம். கண் மட்டும் என்னையே பார்த்தது.

'பியர்டட் டிராகன்', ஆஸ்திரேலியா, ஆண் என்று வனத்துறையில் இருக்கும் நண்பர் சொன்னார். "வெளிநாட்டு ஐட்டம் சார். காட்டுல விட்டா செத்துரும். முறையாப் பதிஞ்சிட்டு நீங்களே வெச்சுக்குங்க."

வைத்துக்கொண்டேன். 'எடிட்டர்' என்று பெயரும் வைத்தேன். எதைக் காட்டினாலும் அசையாமல் உற்றுப் பார்ப்பதும், பிடிக்காவிட்டால் தாடி உப்பிக் கறுப்பதும், கடைசிவரை காரணம் சொல்லாததும் எனக்கு அலுவலகத்தில் பழகிய குணங்கள்.

எடிட்டருக்கு முருங்கைக்கீரை பிடிக்கும். அதைவிட உயிருள்ள சில்வண்டு பிடிக்கும். இங்கேதான் என் குற்றத்தின் வேர் இருக்கிறது... எனக்குப் பூச்சி என்றால் பயம்! விபத்து நடந்த இடத்தில் நின்று குறிப்பெடுக்கிற நான், ஒரு சில்வண்டு துள்ளினால் நாற்காலி மேல் ஏறிவிடுவேன். என் மனைவி மல்லிகா எடிட்டர் இருக்கும் அறைப் பக்கமே வர மாட்டாள்.

ஆகவே தேன்மொழி. மல்லிகாவின் தங்கை. பெரம்பலூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், எங்களோடுதான் இருக்கிறாள். மொட்டை மாடியில் பிளாஸ்டிக் பெட்டியில் சில்வண்டு வளர்த்தவள் அவள். இடுக்கியால் ஒவ்வொன்றாய்ப் பிடித்து ஊட்டியவள் அவள். தொட்டியைக் கழுவி, வெதுவெதுப்பான தண்ணீரில் அதைக் குளிப்பாட்டியவளும் அவளே. நான் செய்தது? பெயர் வைத்தேன்.

என் மாமியார் விக்கிரமங்கலத்தில் இருக்கிறார். கணவர் இல்லை, பருத்திக் காடும் இரண்டு மாடும் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போது சுவரில் பல்லி கத்தினால் விரலால் தரையைத் தட்டி, "பாத்தீங்களா, பல்லி சொல்லுது" என்பார். முதல் முறை எடிட்டரைப் பார்த்தபோது அவருக்கு ஒரு கணக்கு தோன்றியது.

"சுண்டுவெரல் பல்லியே சொல்லுதுன்னா, தாடி வெச்சது எவ்ளோ சொல்லும்!"

அடுத்த முறை ஒரு எவர்சில்வர் தட்டில் செம்பருத்தியும் கீரையும் வைத்து, தொட்டி முன்னால் நீட்டி, "இந்த வருசம் பருத்திக்கு மழ உண்டா சாமி?" என்று கேட்டார். எடிட்டர் தாடி கறுக்க, தலையை மேலும் கீழும் வேகமாக ஆட்டியது. அந்த வாரம் மழை பெய்தது. என்ன செய்ய?

நான் விசாரித்தேன். அதுதானே என் தொழில்! மாமியார் தட்டில்லாமல் போய் நின்றபோது எடிட்டர் ஆட்டவில்லை. மாமியார் இல்லாமல் நான் தட்டைக் காட்டினேன், ஆட்டியது. பளபளத்த தட்டில் தன் முகத்தையே பார்த்து, வேறொரு ஆண் வந்துவிட்டான் என்று சண்டைக்கு நிற்கிறது. இதுதான் அருள்வாக்கு.

ஒரு பத்தியில் எழுதி முடிக்க வேண்டிய உண்மை. ஏன் சொல்லாமல் இருந்தேன்? மாமியார் வருவதும், முழங்கால் வலி முதல் உரக்கடைக்காரன் நாணயம் வரை கேட்பதும், எடிட்டர் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவதும் வேடிக்கையாக இருந்தது. அவ்வளவுதான். ஒரு பத்திரிகைக்காரன் வேடிக்கைக்காக உண்மையை அடக்கினான்... குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் குன்னத்திலிருந்து சரவணன் பெண் பார்க்க வந்தார். மக்காச்சோளம் போடுகிறவர், டிராக்டர் பழுது பார்க்கும் பட்டறையும் உண்டு. தேன்மொழி இங்கேயே இருந்ததால் எங்கள் வீட்டில்தான் பார்த்தார்கள். பெரியவர்கள் நகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர் எழுந்து எடிட்டரிடம் போனார்.

"இது என்னங்க சாப்பிடும்?"

"சில்வண்டு. புழு கெடைச்சா அதும்" என்றாள் தேன்மொழி.

"எங்க சோளக் கதிர்ல புழுவுக்கா பஞ்சம்? மருந்தடிக்காத மூலையாப் பாத்துப் பொறுக்கியாறேன். மருந்தடிச்சத குடுத்தறாதீங்க, செத்துரும்."

"பொண்ணு பாக்க வந்துட்டு புழு தரேங்கறீங்க!"

"பூவு எல்லாரும்தான் தர்றாங்க."

அவள் சிரித்தாள். நான் பார்த்தேன். யாரும் சொல்லாமலே அவர் தம்ளரில் இன்னொரு முறை டீ ஊற்றினாள். அதையும் பார்த்தேன். இதையெல்லாம் கவனிக்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்!

அந்த நிமிடம் என் மனத்தில் ஓடியது என்ன தெரியுமா? இவள் குன்னத்துக்குப் போய்விட்டால் சில்வண்டை யார் பிடிப்பது?... இதுதான். இதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மாமியார் தட்டோடு வந்தார். சரவணன் வீட்டாருக்கு வாக்குக் கொடுக்குமுன் எடிட்டரைக் கேட்க வேண்டும்.

"அத்தை, கல்யாண காரியம். தட்டுல வேணாம், வாழை எலையில வெச்சாத்தான் மரியாதை" என்றேன்.

"அதான சரி! மாப்ளைக்கு இருக்கற விவரம் என் மகளுவோளுக்கு இல்ல."

நானே இலை நறுக்கிக் கொடுத்தேன். மாமியார் இலையை நீட்டிக் கேட்டார். எடிட்டர் செம்பருத்தியைத் தின்றது. ஒரு கண்ணை மூடியது. வேறொன்றும் செய்யவில்லை.

"வேணாங்குது" என்றார் மாமியார், குரல் இறங்கி.

வாசலில் தலை பின்னிக்கொண்டு நின்ற தேன்மொழியின் கை நின்றது. "சரிம்மா" என்றாள். மாடிக்குப் போய்விட்டாள். இறங்கி வந்தபோது இடுக்கியில் சில்வண்டு இருந்தது!

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு தட்டை எடுத்துக் காட்டியிருந்தால் போதும்! தட்டு சமையலறையில்தான் இருந்தது. நானும் அங்கேதான் இருந்தேன்... காபி குடித்துக்கொண்டு.

சில மாதம் கழித்து, வெங்காயத்தில் கோழிக்கால் நோய் பற்றிய செய்திக்குக் குன்னம் போனேன். கடைவீதியில் பிளக்ஸ் பேனர். மாப்பிள்ளைக் கோலத்தில் சரவணன், பக்கத்தில் யாரோ ஒரு பெண், கீழே கூலிங்கிளாஸ் போட்ட நண்பர்கள். நோய்ச் செய்தியை மட்டும் எழுதினேன்.

ஆனால் தேன்மொழிக்கும் தெரிந்துவிட்டது. மருந்து வாங்க வந்த குன்னத்துக்காரர் யாரோ சொல்லியிருக்கிறார்.

"நல்லவேளை மாமா, எடிட்டர் பேச்ச கேட்டோம். அவருக்கு எழுதியிருந்தது வேற எடம்" என்றாள் அன்று மாலை, சில்வண்டு ஊட்டியபடி.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள், என் பொய்யை வைத்து! சொல்லிவிட்டேன். தட்டு, முகம், இலை, பூச்சிப் பயம்... எல்லாவற்றையும்.

இடுக்கியில் இருந்ததை எடிட்டர் விழுங்கும்வரை பொறுத்திருந்தாள்.

"அப்ப அவர வேணாம்னு யாருமே சொல்லல. இல்ல மாமா?"

அதுதான் அவள் என்னை 'மாமா' என்று கூப்பிட்ட கடைசி முறை.

மறுநாள் காலை, "சார், காபி" என்றாள்.

"என்னடி புதுசா சாரு மோருன்னுகிட்டு?" என்றாள் மல்லிகா.

"பத்திரிகைக்காரரு அக்கா. மரியாத குடுக்க வேணாமா?"

மல்லிகா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அவள் காரணம் கேட்பாளே!

போன வாரம் மாமியார் போனில் வந்தார். அரியலூரில் ஒரு வரன். ஸ்பீக்கர் போட்டிருந்தது.

"ஞாயித்துக்கெழம வரேன். ஓணானுக்குப் பூ வாங்கியாறவா?"

"அத எதுக்கும்மா கேக்கற? சாரைக் கேளு" என்றாள் தேன்மொழி.

"எந்த சாரு?"

"ஒம் மாப்ளதான். அவரு சொன்னாதான் அது ஆட்டும்."

மாமியாருக்கு அடக்க முடியாத சிரிப்பு. "மாப்ள, இவ என்னமோ ஒளர்றா. நீங்க சொல்லுங்க, வரவா?"

தேன்மொழி என்னைப் பார்க்கவில்லை. போனையே பார்த்தாள்.

"வாங்க அத்தை" என்றேன். வேறு சொல்ல வாய் வரவில்லை என்று எழுதினால் அது பொய். வாய் வந்தது. நான் சொல்லவில்லை.

நாளை ஞாயிறு. இன்று காலை கடைக்குக் கிளம்பும்போது தேன்மொழி செருப்பை மாட்டியபடி சொன்னாள்:

"நாளைக்கு எங்கயாச்சும் நியூஸ் எடுக்கப் போயிடுங்க, சார்."

ஏலாக்குறிச்சிக்குப் போவதாக மல்லிகாவிடம் சொல்லியிருக்கிறேன். அங்கே நாளை செய்தி எதுவும் இல்லை.