துப்பாக்கிக்குள் சர்க்கரை

காஸ்ட்யூம் அறையில் பச்சைச் சட்டை ஒரு குவியல், காக்கிச் சட்டை ஒரு குவியல். போர்க்காலக் கைதி முகாமைப் பற்றி டிவிக்கு ஒரு தொடர் எடுக்கிறார்கள். பச்சை, எல்லை தாண்டி வந்த படைக்காரனுக்கு. காக்கி, அவன் கூலிக்குப் பிடித்த உள்ளூர்க் காவலாளிக்கு. இரண்டையும் இஸ்திரி போட்டு மடிப்பவள் சித்தி. அக்கா மகள் ஒருத்தி கூப்பிடுவதைக் கேட்டு, இயக்குநர் வரைக்கும் அங்கே எல்லாருக்கும் அவள் சித்திதான்.

அப்படி ஒரு முகாமில் ஆறு வயதில் அடைபட்டுக் கிடந்தவள் அவள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் சொல்லியிருப்பாள், யாரும் கேட்கவில்லை.

வீட்டில் அப்போது பெரிய ரகளை. அக்கா மகள், பஸ் கண்டக்டர் பையன் ஒருவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். பையன் தங்கம். ஆனால் செத்துப்போன அவன் அப்பா, அக்காவும் சித்தியும் அடைபட்டிருந்த அதே முகாமில் காக்கி போட்டுக் காவல் நின்றவர். அக்கா முடியவே முடியாது என்று விட்டாள்.

"நம்மளைப் பட்டினி போட்டவன் வீட்டுல என் பொண்ணு போய்ச் சோறு வடிக்கணுமா?"

"எல்லாருமா போட்டாங்க? எனக்கு ஒருத்தன் சர்க்கரை குடுத்தானே."

"ஆரம்பிச்சுட்டா மகராசி! துப்பாக்கியிலேருந்து சர்க்கரை கொட்டுச்சாம். காய்ச்சல்ல கண்ட கனவை இன்னும் எத்தனை காலத்துக்குடி சொல்லுவே?"

"கொட்டலக்கா. ஒரே ஒரு கட்டி விழுந்துச்சு."

அவள் சொல்வது இதுதான். முகாமில் ஆள் கணக்கெடுக்கும்போது எல்லாரும் தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். நிமிர்ந்தால் அடி. அக்கா வேறு இவள் பிடரியில் கைவைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். அதனால் சித்திக்குக் காவலாளி எவன் முகமும் தெரியாது. பூட்ஸும் துப்பாக்கியின் அடிக்கட்டையும்தான் தெரியும். ஒருநாள் அவள் முன்னால் வந்து நின்ற கட்டை மெல்லச் சாய்ந்தது. அதன் அடியில் பித்தளைத் தகடு. தகட்டில் சின்ன மூடி ஒன்று. ஒரு கட்டைவிரல் வந்து மூடியைத் திறந்து தட்ட, மடியில் சர்க்கரைக் கட்டி விழுந்தது. வாயில் போட்டால் பாதி இனிப்பு, பாதி எண்ணெய்.

அவன் பச்சையா, காக்கியா? மழைக்காலம்; முழங்கால் வரைக்கும் சேறு. சேற்றில் என்ன நிறம் தெரியும்? இத்தனை வருஷம் அந்தக் கேள்வி அவளுக்கு வந்ததில்லை. இப்போது வந்து உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்றது.

மறுநாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்துச் சாமான் அறைக்குப் போனாள். துப்பாக்கிகளுக்குப் பொறுப்பானவனை எல்லாரும் துப்பாக்கித் தம்பி என்பார்கள்.

"என்ன சித்தி, இதுக்கும் இஸ்திரி போடணுமா?"

"கிண்டல் இருக்கட்டும் தம்பி. ஒவ்வொண்ணா என் முன்னால நிறுத்து."

சொல்லிவிட்டுச் சட்டென்று தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள். அவன் பதறிப்போனான்.

"ஐயோ, நாற்காலி இருக்கு சித்தி!"

"நாற்காலியில உட்கார்ந்தா எனக்கு அடையாளம் தெரியாதுப்பா."

முதலில் வந்தது, இரும்புக் கம்பியை மடக்கிய மாதிரி பின்பக்கம் உள்ளது. கட்டையே இல்லை. தலையை ஆட்டினாள். அடுத்தது மரக்கட்டை. அடியில் மஞ்சள் பூச்சு, நடுவில் வட்டமாக ஒரு கோடு. ஆசையாக நகத்தை விட்டு நெம்பினாள். நகம்தான் ஒடிந்தது.

"அது ரப்பர் சித்தி! மூடி மாதிரி வரைஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

"அப்போ நிஜத்துல மூடி உண்டா?"

அவன் பூட்டிய பீரோவைத் திறந்து, சுட முடியாதபடி குழாய் அடைத்த பழைய த்ரீ-நாட்-த்ரீ துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்தான். கேமராவில் கிட்டத்தில் காட்டுவதற்கு இது ஒன்றுதான் அசல். பித்தளைத் தகடு, மூடி. கட்டைவிரலால் தள்ளினாள். திறந்தது.

"உள்ளே எண்ணெய்க் குப்பியும் குழாய் துடைக்கிற கயிறும் வெச்சிருப்பாங்க" என்றான் தம்பி.

சித்தி மூக்கை ஓட்டையில் வைத்தாள். அதே வாடை.

"இது யாரு கையில இருந்துச்சு தம்பி? பச்சையா, காக்கியா?"

"காக்கி. பச்சைக்காரனுக்கு முதல்ல காட்டின அந்த மடக்குக் கம்பித் துப்பாக்கி. இந்தப் பழசையெல்லாம் உள்ளூர்க்காரங்க தலையில கட்டிட்டான்."

"ஒரு பச்சைகூடவா இதை வெச்சிருக்கல?"

"அந்தக் காலத்துப் போட்டோ எல்லாம் பார்த்தோம் சித்தி. ஒண்ணுலயும் இல்ல."

துள்ளிக் குதிப்போம் என்று நினைத்திருந்தாள். கால்தான் மரத்துப்போயிருந்தது, எழுந்திருக்க அவன் கைகொடுக்க வேண்டியிருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் அக்கா, "துப்பாக்கி பார்க்க நான் வரணுமாக்கும்?" என்று சீறினாள். சீறிக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

சாமான் அறையில் தங்கை மூடியைத் திறந்து காட்டினாள். அக்கா குனிந்தாள், முகர்ந்தாள். முகம் மாறிப்போயிற்று.

"அன்னிக்கு உன் வாயெல்லாம் இந்த வாடைதான்டி அடிச்சுது. நீ எதையோ தின்னு காய்ச்சலை இழுத்துக்கிட்டியேன்னு பாவாடை நுனியாலே அழுத்தித் துடைச்சேன்."

"கட்டி விழுந்ததை நீ பார்க்கலையா?"

"உன் தலையை அமுக்கிக்கிட்டு நான் கண்ணை மூடிட்டிருந்தேன். எப்பவும் மூடிட்டுத்தான் இருந்தேன்."

தம்பி சத்தமில்லாமல் வெளியே போய்விட்டான்.

"குடுத்தது அந்தப் பையனோட அப்பாதான்னு நான் சொல்லலக்கா. அது யாருக்கும் தெரியாது. காக்கிக்காரங்கள்ல ஒருத்தர்."

"ஒருத்தன் குடுத்தா எல்லாரும் நல்லவனா?"

"இல்ல. எல்லாரும் கெட்டவனும் இல்ல."

அக்கா மூடியை அழுத்தி மூடிவிட்டு வெளியே நடந்தாள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் சொன்னாள், முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு.

"ஞாயித்துக்கிழமை அந்தப் பையனை டீ குடிக்க வரச் சொல்லு. நல்லாக் கேட்டுக்கோ, டீதான். டீக்குச் சர்க்கரை நீயே போடு. என் கையால போடமாட்டேன்."

"எத்தனை ஸ்பூன் போடறதுக்கா?"

"வாயை மூடுடி. பஸ் வருது."