மூன்றாம் மாடி தந்துவிட்ட மன்னிப்பு

இன்னொருவரிடம் கேட்கச் சொல்லித் தந்த மன்னிப்பை வழியிலேயே வைத்துக்கொண்டால், பிறகு யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்? நானும் ஒரு பிள்ளைக்குத் தாயாகிவிட்டேன். விடை மட்டும் இன்னும் தெரியவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. நோர்வேயில், ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு தொடர்மாடிக் குடியிருப்பின் நான்காம் மாடியில் இருந்தோம். படிக்கட்டைக் குடியிருப்பவர்களே முறைவைத்துக் கழுவ வேண்டும்; யாருடைய முறையோ அவர் கதவில் ஒரு சிறிய பலகை தொங்கும். எங்கள் முறையன்று அம்மா கழுவிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் மாடிக்குப் புதிதாக வந்திருந்த நோர்வேஜியப் பெண் கதவைத் திறந்து, மூலையில் அழுக்கு இருக்கிறது, என் கதவையும் துடைத்துவிடு என்று கைகாட்டினார். அம்மா துடைத்தார். "புதுசா வந்த மனிசி சரியான துப்புரவு" என்று அப்பாவிடம் மெச்சவும் செய்தார்.

அடுத்த கிழமை பலகை அந்தப் பெண்ணின் கதவில் தொங்கியது. அன்று மாலையே எங்கள் மணி அடித்தது. அவர் கையில் ஒரு தாள் இருந்தது. அம்மாவுக்கு அப்போது கடையில் சாமான் வாங்குமளவு நோர்வேஜிய மொழிதான் தெரியும். ஆகவே நான் நடுவில் நிறுத்தப்பட்டேன்.

அவர் மெதுவாக வாசித்தார். தோலின் நிறத்தைப் பார்த்து அம்மாவைக் கூலிக்குக் கழுவ வந்தவர் என்று நினைத்துவிட்டாராம். அப்படி வந்தவராக இருந்தாலும் ஏவியது தவறாம். அம்மா கோபப்பட்டால் அது நியாயமாம். தனக்கு ஆறுதல் சொல்லத் தேவையில்லையாம். எல்லாவற்றையும் யோசித்திருந்தார், இதை அம்மாவுக்குச் சொல்லப்போவது ஒரு எட்டு வயதுப் பிள்ளை என்பதைத் தவிர.

"என்னவாம் பிள்ளை?"

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். "நீங்கள் படி நல்லாக் கழுவுறியளாம்."

"இதைச் சொல்லவே ஏறி வந்தவ? உள்ளுக்கு வந்து இருக்கச் சொல்லு."

ரோல்சும் தேநீரும் வந்தன. பிழை செய்துவிட்டு விருந்துண்ணக் கூடாது என்று அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஏன் சாப்பிடுறாவில்லை?"

"வயித்துக்குள்ள குத்துதாம்."

உடனே இஞ்சியும் மிளகும் போட்ட மல்லித்தண்ணீர் வந்தது. அதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, கண்ணீர் வழிய முழுவதையும் குடித்தார்.

"பாவம், நல்ல நோ போல" என்றார் அம்மா.

எங்கள் அடுத்த முறைக்கு அவர் வாளியோடு முந்திக்கொண்டார். மெச்சப்பட்ட வேலையை அம்மா விட்டுக்கொடுப்பாரா? இரண்டு வாளிகளும் படியில் சந்தித்தன. அந்த வருடம் எங்கள் படியில் சோறு கொட்டியும் சாப்பிட்டிருக்கலாம்.

அம்மாவை நோகாமல் காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்திருந்தேன். கோபப்படுவதும் மன்னிப்பதும் அம்மாவுடைய உரிமை என்பதும், அதை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன் என்பதும் அந்த வயதில் விளங்கவில்லை.

அந்தப் பெண் பிறகு ஸ்தவாங்கருக்குப் போய்விட்டார். அம்மா இப்போது லோறென்ஸ்கூக்கில் சொந்த வீட்டில் இருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் இன்றைக்கும், "நான் கழுவின படியை ஒரு நோர்வேக்காரி ஏறி வந்து மெச்சினவ" என்பார். இந்தப் பக்கம் திரும்பி வந்திருக்கும் அந்த நோர்வேக்காரியே வரும் சனிக்கிழமை அம்மாவிடம் சாப்பிட வருகிறார். அம்மாவின் நோர்வேஜிய மொழி இப்போது மிக நன்றாக இருக்கிறது. நடுவில் நான் தேவையில்லை.

முந்திக்கொண்டு அம்மாவிடம் நானே சொல்லிவிடட்டுமா, அல்லது மல்லித்தண்ணீரை அவித்து வைத்துக்கொண்டு காத்திருக்கட்டுமா? யாராவது எழுதுங்கள், தயவுசெய்து வெள்ளிக்கிழமைக்குள்.